கலவையறைக் கருவியதிகாரம்

இசையை மிக்ஸிங் செய்யும் அறையில் உள்ள கருவிகளை இதுவரை வகைப்படுத்தியவர்கள் இருவர். ஒருவர் வியாபாரி. அவர் கண்ட வகை மூன்று: புதியது, அதைவிடப் புதியது, ஸ்டாக் இல்லாதது. மற்றவர் பொறியியல் பாடநூலார். உள்ளே போவது, நடுவில் நிற்பது, வெளியே வருவது என்று அவர் பிரிப்பார். இரண்டும் குற்றமுடையன. முன்னது மாதந்தோறும் மாறும். பின்னது மின்சாரம் போகும் வழியைச் சொல்லுமே ஒழியப் பணம் போகும் வழியைச் சொல்லாது.

ஆதலால் இவ்வதிகாரம் வேறோர் அளவுகோலைக் கொள்கிறது. ஒரு கருவி ஒலியை என்ன செய்கிறது என்று பாராமல், அதன் எதிரே நாற்காலியில் இருப்பவரை என்ன செய்கிறது என்று பார்த்தால், கலவைக் கருவிகள் அனைத்தும் மூன்று திணைக்குள் அடங்கும். உள்ளதைச் சொல்லி அவரை வருத்துவன மெய்யுரைப்பன. இல்லாததை இருப்பதாகக் காட்டி மகிழ்விப்பன புனைவன. ஒன்றும் செய்யாமல் நிம்மதி மட்டும் தருவன தேற்றுவன. புதிதாக ஸ்டுடியோ போடுகிறவர் பணம் செலவழிக்கும் வரிசை புனைவன, தேற்றுவன, மெய்யுரைப்பன என்பது. செலவழிக்க வேண்டிய வரிசை அதுவன்று.

மெய்யுரைப்பனவற்றுள் முதலில் வைக்கப்படுவது அறை. அறையும் கருவியோ எனின், கருவியே. மாதம் தவறாமல் வாடகை வாங்கிக்கொண்டும் கருவிப் பட்டியலில் இடம் பெறாதது அது ஒன்றுதான். சாலிகிராமத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றில் ஸ்டுடியோ போடப்படுகிறது என்று கொள்வோம். அறையின் நீளம் 11 அடி, அதாவது 3.35 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண் 51 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். கிக் டிரம்மின் கனம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். இவ்வலையின் அழுத்தம் இரு சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. என்ஜினியர் நாற்காலி போடுவது நடுவில். தயாரிப்பாளருக்குச் சோபா போடுவது பின்சுவரை ஒட்டி. ஆகவே நாற்காலியில் இருப்பவர் கிக் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகிறார். சோபாவில் இருப்பவர் “தம்பி, பேஸ் இடிக்குதே” என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் இடையில் ஐந்தடி இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தகராறை எந்தக் கம்ப்ரஸரும் தீர்த்து வைக்காது. நாற்காலியை இரண்டடி முன்னே தள்ளினால் பாதி தீரும்.

முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டினால் ஆகாதோ எனின், ஆகாது. என்னை? ஓர் ஒலியை விழுங்க வேண்டிய பொருள் அவ்வொலியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க தடிமன் உடையதாக இருத்தல் வேண்டும். நாம் சொன்ன அலை 6.7 மீட்டர் நீளம். அதில் கால் பங்கே ஐந்தரை அடி. முட்டை அட்டை இரண்டங்குலம். கடையில் விற்கும் கூம்பு கூம்பான ஃபோமும் அவ்வளவே. இவை மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் பேஸைத் தொடாமல் விட்டுவிடும். அறை மங்கலாகும், உறுமல் பழையபடி நிற்கும். மூலைகளில் ராக்வுல்லை அடிக்கணக்கில் தடிமனாக அடுக்கித் துணி போர்த்துவதே செலவு குறைந்த வழி. அது பார்க்க அழகாக இராது, இடத்தை அடைக்கும், அதைக் காட்டி இன்ஸ்டாகிராமில் படம் போட முடியாது. யாரும் செய்யாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது மானிட்டர் ஸ்பீக்கர். இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு தேவைப்படுகிறது. வழாநிலை, வழு, வழுவமைதி என நிலை மூன்று. குற்றமே ஆயினும் வழங்கிப் பழகியதால் குற்றமன்று என்று ஏற்கப்படுவது வழுவமைதி. கலவைத் துறையில் வழாநிலை அருகியே காணப்படும். பெரும்புகழ் பெற்ற கருவிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வழுவமைதியே.

யமஹா என்எஸ்-10 இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. 1978இல் வீட்டு அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்கென்று வந்தது. வீட்டில் கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. பேஸ் குறைவு, நடுஸ்தாயி முகத்தில் அறையும், ட்வீட்டர் காதைக் குத்தும். பாப் கிளியர்மவுன்டன் போன்ற மிக்ஸிங் என்ஜினியர்கள் அதைக் கன்சோலின் மேல் தூக்கி வைத்தார்கள். குரலும் ஸ்நேரும் மோதிக்கொள்ளும் நடுஸ்தாயியை அது ஒளிக்காமல் காட்டியது. ட்வீட்டரின் குத்தலுக்கு மருந்தாக அதன்மேல் டிஷ்யூ தாளை ஒட்டினார்கள். எந்தத் தாள், ஒற்றையா இரட்டையா, ட்வீட்டரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஐயம் எழவே, பாப் ஹோடாஸ் என்ற ஒலிப்பொறியாளர் அளவுக்கருவி வைத்துத் தாள் தாளாகச் சோதித்துக் கட்டுரையே எழுதிவிட்டார். நம் உரையாசிரியர்கள் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். 1987இல் யமஹாவே ட்வீட்டரை அடக்கி ஸ்டுடியோ பதிப்பைக் கொண்டுவந்தது. 2001இல் உற்பத்தி நின்றது. வெள்ளைக் கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட மானிட்டர்களை அளந்து பார்த்தபோது, பேஸ் நின்றவுடன் தானும் நின்றுவிடும் குணத்தில் என்எஸ்-10 முன்வரிசையில் இருந்தது. அது மூடிய பெட்டி. துளை வைத்த பெட்டி பேஸைக் கூட்டித் தரும். ஆனால் கிக் நின்ற பிறகும் துளை சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கும். எல்லாரும் பழித்த பெட்டியில் ஒரு நேர்மை இருந்ததை அளவுக்கருவி சொல்ல, காது அதை இருபது ஆண்டு முன்பே சொல்லியிருந்தது.

அவுராடோன் 5சி இன்னும் ஏழை. ஒரு சாண்கூட இல்லாத கனசதுரப் பெட்டி, நாலரை அங்குலத்தில் ஒரே ஸ்பீக்கர், கீழேயும் ஒன்றுமில்லை, மேலேயும் ஒன்றுமில்லை. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) ஆல்பத்துக்கு மிக்ஸிங் செய்த புரூஸ் ஸ்வீடியன் இதைப் பெரிதும் நம்பியவர். ஏழை ஸ்பீக்கர் என்ற அந்தப் பதவி இன்று மொபைல் போனுக்குப் போய்விட்டது. பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதைப் போன் ஸ்பீக்கர் எழுப்பவே எழுப்பாது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 என்று ஏறும் மேலொலிகளில் ஓரளவு மேலே இருப்பவை தப்பி வந்துவிட்டால், வராத அடியைக் காது தானே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். ஆகவே பேஸில் சற்றே கரகரப்பைச் சேர்த்து மேலொலிகளைப் பெருக்கினால், டீக்கடை வாசலில் போனில் கேட்பவருக்கும் பேஸ் கிடைக்கும். போனில் பேஸ் கேட்கவில்லை என்பதற்காக ஃபேடரை ஏற்றுகிறவர், காரில் அதே பாட்டைப் போடுகிறவரின் கதவைக் கழற்றி வைக்கிறார்.

மானிட்டரைத் தேரும் முறை: கடையில் கேட்டு மயங்கிய ஸ்பீக்கரை வாங்காமல் வருக. கேட்டதும் எல்லாப் பாட்டும் இனிக்கிற ஸ்பீக்கர் மெய்யுரைப்பதன்று, தேற்றுவது. நெடுநாள் பழகிய நாலைந்து பாட்டுகளில் எது கெட்ட மிக்ஸ் என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்பீக்கரை வாங்குக. வாங்கியபின் மாற்றாதிருக்க. பயன்படுத்தும் முறை: பெரும்பாலும் மெதுவாக. சத்தம் ஏற ஏறக் காதுக்குப் பேஸும் மேல்ஸ்தாயியும் கூடித் தெரியும் என்பதைப் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே வளைகோடு வளைகோடாக வரைந்து வைத்தார்கள். உரக்க வைத்துச் செய்த மிக்ஸ் அன்றிரவு பிரமாதமாக இருக்கும். காலையில் மெதுவாக வைத்துக் கேட்டால் பேஸ் காணாமல் போயிருக்கும். ஹெட்போன், அறையின் குற்றத்திலிருந்து தப்ப நல்லது. ரிவர்பின் வால், வாய் எச்சில் சத்தம், எடிட் வெட்டு ஆகியவற்றைப் பிடிக்கவும் நல்லது. இடவலத்தை மிகைப்படுத்தும் என்ற ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

இனிப் புனைவன. இவற்றின் பெருக்கத்துக்கு அஞ்சி நான்காக அடக்குவர்: அமுக்குவன, செதுக்குவன, ஊர் காட்டுவன, மானம் காப்பன. பொதுவழக்கில் கம்ப்ரஸர், ஈக்யூ, ரிவர்ப், சுருதி திருத்தும் மென்பொருள்.

அமுக்குவனவற்றுள் முதலில் வைக்கப்படுவது ஃபேர்சைல்ட் 670. எஸ்தோனியாவில் பிறந்த ரெய்ன் நார்மா 1950களின் இறுதியில் வடிவமைத்தது. 20 வால்வு, சுமார் 30 கிலோ. இசைத்தட்டு வெட்டும்போது ஊசி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளப் பிறந்த காவல் கருவி இது. இன்று இசைத்தட்டைக் கண்ணால் கண்டிராதவர்களும் இதன் ப்ளக்-இன்னைக் குரலில் போடுகிறார்கள். வழுவமைதி. இரண்டாவது, ஜிம் லாரன்ஸின் எல்ஏ-2ஏ. உள்ளே ஒளிரும் தகடு ஒன்று, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒளியுணரி ஒன்று. ஒலி கூடினால் வெளிச்சம் கூடும். வெளிச்சம் கூடினால் ஒலி அடங்கும். வெளிச்சம் தணிந்தாலும் ஒளியுணரி மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால் பிடியும் மெதுவாக விடும். குரலுக்கு இதமாக இருப்பது அதனால். மொத்தம் இரண்டே குமிழ். தவறாகப் பயன்படுத்துவது கடினம். விடாமுயற்சி உள்ளவர்கள் செய்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176. இது நொடியில் 50,000இல் ஒரு பங்கு நேரத்தில் பாய்ந்து பிடிக்கும். இதன் அட்டாக் குமிழில் வலப்புறம் திருப்பத் திருப்ப நேரம் குறையும், வேகம் கூடும். பிற கம்ப்ரஸர்களில் வழக்கு இதற்கு நேர்மாறு. மெதுவாக்குவதாக நினைத்து வேகப்படுத்தி, ஸ்நேரின் அடியைக் கொன்றுவிட்டுக் காரணம் தேடுகிற மாணவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. 4, 8, 12, 20 என்று நான்கு விகிதப் பொத்தான்கள். ஒரு நேரத்தில் ஒன்றை அமுக்க வேண்டும் என்பது விதி. யாரோ நான்கையும் சேர்த்து அமுக்க, கருவி உறுமிக்கொண்டு கரகரக்க, டிரம்ஸுக்கு அதுவே வேண்டும் என்றாயிற்று. இப்போது நகல் செய்கிற மென்பொருள்காரர்கள் அந்தத் தவறையும் கவனமாக நகல் செய்கிறார்கள். குரலுக்கு முதலில் 1176ஐப் போட்டு மேடுகளைப் பிடித்து, பிறகு எல்ஏ-2ஏயைப் போட்டுச் சமன் செய்வது நெடுநாள் வழக்கு. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். ஒன்றே முழுதும் செய்தால் பாடகர் மூச்சுத் திணறுவது தெரிந்துவிடும்.

வழுவமைதியின் சிகரம் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் நிகழ்ந்தது. அங்கிருந்த எஸ்எஸ்எல் கன்சோலில், பதிவறையில் இருப்பவர் பேசுவதை என்ஜினியர் கேட்பதற்கென்று ஒரு மைக்; அதற்குள் முரட்டுக் கம்ப்ரஸர். கிசுகிசுத்தாலும் கேட்க வேண்டும், கத்தினாலும் காது போகக் கூடாது என்பது அதன் வேலை. பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்க, என்ஜினியர் ஹியூ பேட்ஜம் அந்தப் பேச்சு மைக்கைத் திறந்தார். டிரம்ஸ் அறையையே பெயர்த்துக்கொண்டு வந்தது. அந்த மைக்கின் சத்தத்தைப் பதிவு செய்ய வழியே வைக்கப்படவில்லை. ஆள் வைத்துக் கன்சோலைத் திருத்திப் பதிவு செய்தார்கள். 1980களின் டிரம்ஸ் ஒலி முழுவதும், “தண்ணி வேணுமா” என்று கேட்பதற்காக வைத்த மைக்கிலிருந்து வந்தது.

செதுக்குவனவற்றில் 1951இல் பிறந்த புல்டெக் ஒன்றைச் சொன்னால் போதும். பேஸைக் கூட்ட ஒரு குமிழ், குறைக்க ஒரு குமிழ். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பாதே என்று கையேடு எச்சரித்தது. அன்று முதல் உலகம் அதையே செய்கிறது. இரண்டு வளைவுகளும் ஒரே இடத்தில் விழாததால், அடி பருத்து, அதற்குச் சற்று மேலே இருக்கும் மண்டிய பகுதி குழியும். கிக் கனமாகவும் தெளிவாகவும் ஆகும். கையேட்டைப் படிக்காதவர்களால்தான் இத்துறை வளர்ந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் படித்துவிட்டு மீறியவர்களால் என்பதே சரியாக இருக்கும்.

ஊர் காட்டுவனவற்றின் பாட்டன் ஜெர்மனியின் ஈஎம்டி 140 (1957): எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைப்பது, எடை 270 கிலோவை ஒட்டி. இப்போது லேப்டாப்பில் வருகிறது. மானம் காப்பதில் ஆட்டோ-டியூன், 1997இல் ஆண்டி ஹில்டபிராண்ட் செய்தது. அவர் அதற்கு முன் எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்ட கணக்கு, பாடகரிடம் சுருதி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஷேரின் ‘பிலீவ்’ பாட்டில் அதை முறுக்கேற்றிக் குரலைப் படிக்கட்டாக்கினார்கள். வேறொரு கருவி என்று தயாரிப்பாளர்கள் முதலில் சமாளித்தார்கள்.

அசல் வேண்டுமோ, ப்ளக்-இன் அமையுமோ எனின், அமையும். அசல்களே ஒன்றுபோல் ஒன்று இல்லை. வால்வு தேய்ந்தது ஒரு மாதிரி, மாற்றியது வேறு மாதிரி. எந்த அசலைக் கொண்டு நகலை அளப்பது? ஆயினும் அசலுக்கு ஒரு பெருமை உண்டு. அது அறையில் ஒன்றுதான் இருக்கும். நூறு ட்ராக்கில் எதற்கு அதைக் கொடுப்பது என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். ப்ளக்-இன்னை நூறிலும் போடலாம், போடுகிறார்கள்.

இத்திணைக்குப் பொதுவிதி ஒன்று உண்டு. இதை அறியாதவர் வியாபாரிக்கு இரையாவார். ஒரே ஒலியை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், கூடியது என்று தோன்றாது, நன்றாக இருக்கிறது என்று தோன்றும். புனைவன பலவும் போட்டவுடன் சத்தத்தைச் சிறிது கூட்டியே தரும். எனவே போட்டபின் லெவலைப் பழைய அளவுக்கு இறக்கி, இருப்பதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிக் கேட்க. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உத்தமம். அப்படிக் கேட்கையில் பாதிக்கு மேல் கழற்றப்படும்.

தேற்றுவன எண்ணிறந்தன, சுருக்கமாகச் சொல்கிறேன். கேபிள்: ஸ்டுடியோவில் ஓடும் மூன்று கம்பிக் கேபிளில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் போய், கடைசியில் ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்படும், வழியில் இரண்டிலும் ஒன்றாக ஏறிய இரைச்சல் அதில் அடிபட்டுப் போகும். இது மெய்யான நன்மை, சாதாரணக் கேபிளிலேயே கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் உறைக்கு. கெடுவது பெரும்பாலும் சால்டரிங், அல்லது எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட். அதிவேக சாம்பிள் ரேட்: 2007இல் மேயரும் மொரானும் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவை நேராகவும், சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் வழியாக நுழைத்தும் கேட்பித்தார்கள். வழக்கமான சத்தத்தில் கேட்டவர்களின் விடை, காசு சுண்டிச் சொன்னதற்கு மேல் தேறவில்லை. (பதிவு செய்யும்போது 24 பிட் வேண்டும், லெவலைத் தாழ்த்தி வைத்துப் பயமில்லாமல் பதியலாம். அது வேறு விஷயம்.)

தேற்றுவனவற்றின் அரசு, எதனோடும் இணைக்கப்படாத ஃபேடர். உலகெங்கும் ஸ்டுடியோக்களில் இப்படி ஒன்று இருந்து வந்திருக்கிறது. தயாரிப்பாளர் “குரல் இன்னும் கொஞ்சம்” என்கிறார். என்ஜினியர் அதை அரையங்குலம் நகர்த்தி, “இப்ப பாருங்க சார்” என்கிறார். “ஆங், இப்ப சரி.” இது மோசடியன்றோ எனின், ஓரளவு மோசடியே. ஆயினும் தம் கருத்தைக் கேட்டார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது என்றால், அது உண்மையாகவே நடந்தது. குரல் மெய்யாகவே உள்ளே போயிருக்கும்போது இந்த ஃபேடரைத் தொடுபவருக்கு அடுத்த படம் வராது.

ஆகவே தயாரிப்பாளர் வழங்கும் சொற்களின் பொருளும் இங்கே வேண்டப்படுகிறது. “பஞ்ச் இல்ல” என்றால் பெரும்பாலும் கம்ப்ரஸர் அவசரப்பட்டு அடியின் முகப்பை விழுங்கியிருக்கிறது, அட்டாக்கை நிதானமாக்குக. “குரல் உள்ள போகுது” என்றால் குரலை ஏற்றாதே. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் குரலோடு மல்லுக்கட்டும் கிட்டாரையோ சிந்தசைசரையோ அங்கே குடைந்து வழிவிடுக. “கிராண்டா இல்ல” என்றால் இரண்டு பொருள்: ரிவர்ப் வேண்டும், அல்லது சத்தம் வேண்டும். “ஃபீல் மிஸ்ஸாகுது” என்றால் அவர் சாப்பிடவில்லை. “டெமோல இருந்த ஏதோ இதுல இல்ல” என்பது இவற்றுள் மிகக் கொடியது. அந்த டெமோவை மாதக்கணக்கில் காரில் கேட்டுக் கேட்டு அதன் குறைகள் எல்லாம் அவருக்குப் பாட்டாகவே ஆகிவிட்டன. டெமோவைப் பக்கத்து ட்ராக்கில் போட்டு, லெவலைச் சமன் செய்து, எந்த இடம் என்று அவரையே காட்டச் சொல்க. பல நேரம் பொறுக்கவே முடியாத ஒரு மிடி ஷேக்கராக இருக்கும். அதைச் சேர்த்துவிடுக.

புறனடை. ஏர் கண்டிஷனர் எத்திணை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சென்னையில் அது தேற்றுவது என்பார் ஒருசாரார். அது இல்லாமல் மே மாதத்தில் மெய்யும் இல்லை, புனைவும் இல்லை. அது புனைவது என்பது எம் துணிபு. அதன் இரைச்சல் ரிவர்பின் வாலை மூடிவிடும். வால் கேட்காததால் என்ஜினியர் ரிவர்பைக் கூட்டுவார். கேட்பவர் இரவில் ஹெட்போனில் போடும்போது பாடகி கிணற்றுக்குள் இருப்பார். எனவே ரிவர்ப் வைக்கும் நேரத்திலும் கடைசி முறை கேட்கும்போதும் ஏசியை நிறுத்துக. நிறுத்துமுன் தயாரிப்பாளரைக் காபிக்கு அனுப்பிவிடுக.